மஞ்சளின் மருத்துவமும் நமது கடமையும்

மஞ்சள் இல்லாத அடுக்களை நம் நாட்டில் இல்லை. அதனை நம் முன்னோர் உணவுப் பொருளாகவும் கைக்கெட்டிய மருந்தாகவும் போற்றினர். சிராய்ப்புக்கு எண்ணெயில் குழைத்துப் பூசினர். இருமலுக்குச் சூடான பாலில் மஞ்சட்பொடியும் மிளகுப்பொடியும் கலந்து பருகினர். மூக்கடைப்புக்கு விரலி மஞ்சளைச் சுட்டுப் புகையை முகர்ந்தனர்.

பாலில் மிளகு சேர்த்தது வீண் வழக்கமன்று. மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்னும் சத்து, தனித்து உண்டால் உடலில் மிகச் சிறிதளவே சேர்கிறது. மிளகிலுள்ள பைப்பரின் உடனிருந்தால் அது பன்மடங்கு சேர்வதை 1998-ஆம் ஆண்டில் பெங்களூர் ஆராய்ச்சியாளர் கண்டனர். நெசவாளராகிய அங்கத்தினர்க்குக் குர்க்குமின் பழக்கமானதே. பருத்தி நூலுக்கு மஞ்சள் நிறம் ஊட்டுவதும், வெயிலில் வெளுத்துப் போவதும் அதுவேயாகும்.

இத்தகைய வீட்டு வைத்தியத்திற்கும் ஒருமுறை ஆபத்து நேர்ந்தது. மஞ்சளால் புண்ணை ஆற்றும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் இருவர் பெயரில் காப்புரிமை வழங்கப்பெற்றது. இந்திய விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சி மன்றம் அதனை எதிர்த்து வழக்காடியது. வேற்று நாட்டு வழக்கம் எத்துணைப் பழமையானதாயினும், எழுத்துச் சான்றின்றி அதனை ஏற்க அந்நாட்டுச் சட்டம் அந்நாளில் இடம் தரவில்லை. ஆகவே வடமொழி, ஹிந்தி, உருது நூல்களும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த கட்டுரையும் சான்றாக வைக்கப்பெற்றன. 1997-இல் அக்காப்புரிமை ரத்தாயிற்று. பாட்டிமார் நாவில் மட்டும் நிற்கும் அறிவுக்குக் காவல் இல்லை. அதனை எழுதி வைத்தல் வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

எழுதி வைக்கும்போது எல்லையையும் எழுதுதல் நலம். ஆழமான காயத்திற்கும் பச்சிளங்குழந்தையின் தொப்புளுக்கும் அடுக்களைப் பொடி ஆகாது. வைத்தியரிடம் செல்வதே முறை.

பயிரிடுவோர்க்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. விரலிக்கு நிறமேற்ற ஈயக் குரோமேட் என்னும் சாயத்தைக் கலப்போர் உளர். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. வங்காள தேசத்தில் 2019-இல் அரசினர் இதனைக் கடுமையாகத் தடுத்தனர். 2021-இல் அங்குச் சந்தைகளில் எடுத்துச் சோதித்த மாதிரிகளில் அச்சாயம் காணப்படவில்லை. மனம் வைத்தால் ஒழிக்கக் கூடிய தீமையே இது.

ஈரோட்டு மஞ்சள் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயரைக் காப்பது அதனை விளைவிக்கும் கைகளே. வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றிய விரலிக்கு இயற்கை நிறமே போதும். மங்கலாயினும் தூய சரக்கையே நம் சங்கங்கள் கொள்முதல் செய்க. வாங்குவோரும் பளபளப்பில் மயங்காதிருப்பாராக.