மலைநீரில் இறங்குமுன்

விடுமுறை நாள் வந்துவிட்டால் பேட்டையிலிருந்து மேற்கே செல்லும் சாலையில் வேன்களும் பேருந்துகளும் பெருகிவிடும். சுத்தமல்லி, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போக, பொதிகை மலை கண்ணெதிரே வளர்ந்துகொண்டே வரும். ஐம்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் பாபநாசம். புளியோதரைப் பொட்டலம், துண்டு, நல்லெண்ணெய்ப் புட்டி எல்லாம் எடுத்துக்கொண்டோமா என்று நாலு முறை சரிபார்க்கிறோம். பள்ளியிலும் கல்லூரியிலும் படித்த இயற்பியலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறோம்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். மாணவர்களுடன் இந்த மலைக்குப் பல முறை சென்றிருக்கிறேன். ஆண்டுதோறும் ஏதேனும் ஓர் அருவியிலோ அணையிலோ சுற்றுலா சென்ற இளைஞர் மூழ்கினார் என்று நாளிதழில் செய்தி வருகிறது. அவர்களில் பலர் நீந்தத் தெரிந்தவர்கள். ஊர்க் குளத்தில் பழகிய நீச்சல் மலைநீரில் ஏன் கைகொடுப்பதில்லை? இதற்கான விடை பாடநூலில்தான் இருக்கிறது. ஆனால் அது தேர்வுக்கு வேண்டிய பகுதி என்றே நாம் எண்ணிவிட்டோம்.

ஆல்ப்ஸ் மலைநாட்டு ஏரிகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பனியாறுகள் நகர்ந்து நகர்ந்து தோண்டிய பள்ளங்களில் தேங்கிய நீர் அது. நம் மலையில் பனியாறும் கிடையாது. அப்படிப்பட்ட ஏரியும் கிடையாது. உதகை ஏரி 1820-களிலும், கொடைக்கானல் ஏரி 1863-இலும் ஆங்கிலேய அதிகாரிகள் அமைத்தவை. நம் பக்கத்தில் ஏரியாகக் காட்சி தருபவை காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு ஆகிய அணைகளின் நீர்த்தேக்கங்களே. காரையாற்றில் நிற்பதைத்தான் பாபநாசம் அணை என்கிறோம். இதன் நீரைக் கொண்டு 1944 முதல் பாபநாசத்தில் மின்சாரம் எடுக்கப்படுகிறது.

காலையில் நாளிதழைப் பிரித்ததும் நம் மாவட்டத்தார் பார்ப்பது இந்த அணையின் நீர்மட்டத்தைத்தான். 143 அடி என்றால் அணை நிறைந்தது என்று பொருள். அதாவது ஏறத்தாழ 44 மீட்டர். பத்து மீட்டர் ஆழத்திற்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்ற கணக்குப்படி, அணை நிறைந்திருக்கும்போது அதன் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பையும் சுமார் 44 டன் எடை அழுத்தும். தேங்கிய நீர் எத்தனை கிலோமீட்டர் நீளம் என்பது இந்தக் கணக்கில் வரவேயில்லை, கவனித்தீர்களா? ஆழம் ஒன்றே கணக்கு. அணைச்சுவர் அடியில் அகன்றும் தலையில் குறுகியும் இருப்பதன் காரணம் இதுவே.

மேலே சூடு, கீழே குளிர்

ஆழமான நீர்நிலையில் வெயில் சூடாக்குவது மேற்பரப்பை மட்டுமே. சூடான நீர் இலேசானது. ஆகையால் மேலேயே மிதந்து கிடக்கிறது. கீழே உள்ள குளிர்ந்த நீர் கனமானது, அங்கேயே தங்கிவிடுகிறது. இரண்டும் ஒரே நீர்தான் என்றாலும், எண்ணெயும் தண்ணீரும் போல அடுக்கடுக்காக நிற்கின்றன. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சொசூர் என்பவர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆல்ப்ஸ் ஏரிகளின் அடியில் வெப்பமானியை இறக்கி இதனை அளந்தார். வெப்பமானியை மேலே இழுக்கும்போது சூடான நீர் அதன் அளவீட்டை மாற்றிவிடுமே! அதனால் குமிழை வெப்பம் எளிதில் புகாதபடி தடித்த உறையால் மூடி, பல மணி நேரம் அடியிலேயே விட்டுவைத்தார். பின்னர் ஃபோரல் என்பவர் ஜெனீவா ஏரியை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்து, ஏரிகளைப் பற்றிய அறிவியலுக்கே அடிகோலினார். ரோன் ஆற்றின் குளிர்ந்த, வண்டல் கலந்த நீர் ஏரிக்குள் நுழைந்ததும் மேலே பரவாமல் அடியில் இறங்கி ஓடுவதை அவர் விளக்கினார்.

ஆல்ப்ஸ் ஏரியின் அடியில் நீர் 4 அல்லது 5 டிகிரி செல்சியஸில் இருக்கும். நம் அணையில் அவ்வளவு குளிர் வராது. 'அப்படியானால் நமக்கு என்ன கவலை?' என்று கேட்கலாம். இங்கேதான் நீர் ஒரு வேடிக்கை செய்கிறது. 4 டிகிரியில் உள்ள நீரை 5 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு கன மீட்டருக்கு 8 கிராம் அளவே எடை குறைகிறது. 24 டிகிரியில் உள்ளதை 25-க்கு உயர்த்தினாலோ 250 கிராம் குறைகிறது. ஏறத்தாழ முப்பது மடங்கு! ஆகவே வெப்ப நாட்டு நீர்நிலையில் சில டிகிரி வேறுபாடே அடுக்குகளை உறுதியாகப் பிரித்துவைக்கப் போதும்.

நீந்துபவருக்கு இதனால் என்ன? மேல்நீர் இதமாக இருக்கிறதே என்று உள்ளே செல்கிறார். உடலை நேராக்கிக் கால்களைத் தொங்கவிட்டதும் பாதம் வேறோர் உலகத்தில் நுழைகிறது. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவது. திடீரென்று குளிர்நீர் உடலைத் தொட்டால் நாம் கேளாமலே மூச்சு ஒருமுறை ஆழமாக உள்ளிழுக்கப்படும். வாய் அப்போது நீருக்கு மேல் இருந்தால் நல்லது. கீழே இருந்தால் உள்ளே போவது காற்றல்ல. மலையோடையிலும் அணைக்குக் கீழே ஆற்றிலும் இதே அபாயம் உண்டு. அணையின் அடிமட்டத்திலிருந்து வெளிவரும் நீர் சித்திரை வெயிலிலும் சில்லென்றே இருக்கும். கரையில் உட்கார்ந்து கால், கை, முகம், மார்பு என்று படிப்படியாக நனைத்துக்கொண்ட பிறகு இறங்குவது நம் பாட்டிமார் காட்டிய முறை. உடலியலும் அதையே சொல்கிறது.

கண் சொல்லும் பொய்

மாணவனாக இருந்தபோது நண்பர்களுடன் ஒரு மலையோடைக்குச் சென்றேன். தெளிந்த நீர். அடியில் கூழாங்கற்கள் ஒவ்வொன்றாக எண்ணக்கூடியபடி தெரிந்தன. இடுப்பளவுதான் என்று முடிவுசெய்து பாறையிலிருந்து இறங்கினேன். கால் தரையைத் தொட்டபோது நீர் மூக்குக்கு வந்திருந்தது. கீழே இருந்தது பாசி. கால் வழுக்கிக்கொண்டே போயிற்று. கரையில் துணி பிழிந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர், "எலே, துண்டப் புடில!" என்று துண்டை முறுக்கி வீசினார். அதைப் பிடித்துக் கரையேறினேன். அந்த ஆண்டுத் தேர்வில் ஒளிவிலகலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

நீரின் விலகல் எண் 4/3. நேர் மேலிருந்து பார்த்தால் ஆழம் நாலில் மூன்று பங்காகத் தோன்றும். எட்டடிப் பள்ளம் ஆறடியாகத் தெரியும். இது பாடநூலில் உள்ளது. பாடநூல் அழுத்திச் சொல்லாத ஒன்றும் உண்டு: கரையில் நின்று சாய்வாகப் பார்க்கும்போது தோற்ற ஆழம் இன்னும் குறைந்து, பாதிக்கும் கீழே போய்விடும். நாமோ எப்போதும் கரையில் நின்று சாய்வாகத்தானே பார்க்கிறோம்! நீர் எவ்வளவு தெளிவோ அவ்வளவுக்கு இந்த ஏமாற்றம் வலிது. கலங்கிய குளத்தில் ஆழம் தெரியாது என்ற பயமாவது இருக்கும். ஒரு நீண்ட கழியை விட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

இழுக்கும் நீர், இலேசாக்கும் நீர்

ஓடும் நீர் நம்மைத் தள்ளும் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. ஒரு கணக்குப் போடுவோம். இடுப்பளவு நீரில் நிற்பவரின் இரு கால்களும் ஓட்டத்திற்குக் காட்டும் பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர் எனக் கொள்ளலாம். நீர் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினால், அதாவது நாம் சாவகாசமாக நடக்கும் வேகத்தில் ஓடினால், தள்ளும் விசை ஏறத்தாழ 10 கிலோகிராம் எடைக்குச் சமம். வினாடிக்கு இரண்டு மீட்டர் என்றால் 40 கிலோகிராம்.

'நான் 60 கிலோ இருக்கிறேனே, 10 கிலோ என்னை என்ன செய்யும்?' என்று கேட்பீர்கள். நம்மை நிலைநிறுத்துவது எடையன்று. பாதத்திற்கும் பாறைக்கும் இடையே உள்ள உராய்வு. அந்த உராய்வோ பாதம் பாறையை அழுத்தும் விசையைப் பொறுத்தது. இடுப்பளவு நீரில் ஆர்க்கிமிடீஸின் மிதப்பு விசை நம் எடையில் பாதியை வாங்கிக்கொள்கிறது. மீதி 30 கிலோ. பாசி படிந்த பாறையில் உராய்வுக் கெழு 0.3 என்று தாராளமாகவே வைத்தாலும், நம்மைப் பிடித்து நிறுத்தும் விசை 9 கிலோ எடைதான். தள்ளுவது 10; தாங்குவது 9. நடை வேகத்து நீரே ஆளைச் சாய்த்துவிடுகிறது! முழங்காலுக்கு மேல் ஓடும் நீரைக் கடக்காதீர்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்வது இதனால்தான்.

பேட்டை வானம் சாட்சி சொல்லாது

ஆனி, ஆடி மாதங்களில் பேட்டையில் வறண்ட மேல்காற்று புழுதியை வாரி இறைக்கும். அதே நேரத்தில் மலையின் தலையில் மேகம் கவிந்திருக்கும். கேரளக் கரையிலிருந்து ஈரக்காற்று 28 டிகிரியில் மலை ஏறுவதாகக் கொள்வோம். மேலே செல்லச் செல்லக் காற்று விரிந்து குளிர்கிறது. முதல் அரைக் கிலோமீட்டரில் 5 டிகிரி குறையும். பிறகு நீராவி மழையாகத் திரளும்போது மறைவெப்பத்தை வெளியிடுவதால், அடுத்த ஒரு கிலோமீட்டரில் 10 டிகிரி குறையவேண்டியது 5 டிகிரி அளவே குறைகிறது. உச்சியில் 18 டிகிரி. ஈரத்தை அங்கேயே இழந்துவிட்ட காற்று நம் பக்கம் இறங்கும்போது கிலோமீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடேறி, 33 டிகிரியில் வந்து சேரும். ஆல்ப்ஸின் அடிவாரத்தில் வீசும் வெப்பக்காற்றும் இதே வழியில் பிறப்பதுதான். அதற்கு அந்நாட்டார் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. பேட்டையில் வானம் நீலமாக இருப்பதே மலையில் மழை கொட்டுவதன் மறுபக்கமாக இருக்கலாம். அங்கே ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர் நீர். நூறு சதுர கிலோமீட்டர் மலைச்சரிவு அதனை ஒரே ஓடைக்கு வடித்துத் தந்தால் என்னாகும்? அருவியில் நிற்பவர் தலையில் ஒரு துளி மழை விழாமலே வெள்ளம் வந்து நிற்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவக்காற்று காலத்தில் நிலைமை வேறு. மழை நம் பக்கமே பெய்யும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததும், தாமிரபரணி கரை மீறி ஓடியதும் நம் நினைவிலிருந்து போகாது.

வெள்ளம் வருமுன் ஓடை சில அடையாளம் காட்டும். தெளிந்த நீர் சற்றே நிறம் மாறும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் கனக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொருள்களைத் தேடிக்கொண்டிராமல் மேட்டுக்கு ஏறிவிடவேண்டும். அணைக்குக் கீழே இந்த அடையாளமும் இராது. மின் உற்பத்திக்காகவோ பாசனத்திற்காகவோ கூடுதல் நீர் திறந்தால், மழையின்றித் தெளிவாகவே ஆறு உயரும்.

இந்த மலைப்பகுதி 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். எங்கே குளிக்கலாம், எங்கே கூடாது என்பதை வனத்துறை வரையறுத்திருக்கிறது. காரையாற்று அணையிலிருந்து பாணதீர்த்த அருவிக்கு ஒருகாலத்தில் படகில் போய்வந்தார்கள்; பின்னர் அது நிறுத்தப்பட்டது. அகத்தியர் அருவியில் கம்பித் தடுப்பு இருக்கிறது. அதைத் தாண்டிப் போய் நிழற்படம் எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்தால், மேற்கண்ட கணக்கைக் காட்டி உட்காரவைத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றும்.

ஒருவர் மூழ்கும்போது

நீந்தத் தெரிந்தவர்கூட உடனே குதிக்கக்கூடாது. மூழ்குபவர் கைக்குக் கிடைப்பதை இறுகப் பற்றுவார், இருவரும் போவார்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை அவிழ்த்து வீசி இருவரை மீட்டார்கள். சேலை ஐந்தரை மீட்டர் நீளம். ஓர் ஆளை இழுக்கும் வலிமை அதற்கு உண்டு. அது கயிற்றின் வேலையைச் செய்தது.

மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக அருகில் இருப்பது நமக்கு உதவி. மூழ்குபவரின் முழு எடையையும் தாங்கவேண்டியதில்லை. தலை மட்டும் நீருக்கு வெளியே நின்றால் போதும். அதற்கு வேண்டிய மேல்நோக்கிய விசை நாலைந்து கிலோ எடைதான். ஐந்து லிட்டர் எண்ணெய் வாங்கிய காலி பிளாஸ்டிக் கேன் ஏறத்தாழ ஐந்து கிலோ மிதப்பு விசை தரும். அதன் பிடியில் பத்துப் பதினைந்து மீட்டர் கயிறு கட்டி, புளியோதரைப் பாத்திரத்தோடு வேனில் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் கேன் காற்றில் தூரம் போகாது. கால் லிட்டர் நீர் ஊற்றிக்கொண்டு வீசினால் குறி தப்பாது. மூடி இறுக மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும். பாதி நீர் புகுந்த கேன் இரண்டரைக் கிலோவைத்தான் தாங்கும்.