மணலில் நின்ற குடும்பம்

மனைவி மக்களைப் படமெடுத்தே உலகப் புகழ் பெற்ற ஜப்பானியர்

வீட்டு மனிதர்களை வெளியே அழைத்துப் போய்ப் போட்டோ எடுப்பவர்கள் முதலில் எதைத் தேடுகிறார்கள்? பூச்செடியை! அல்லது அழகான கட்டடத்தை! அதன் முன்னே ஆளை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். பிறகு பார்த்தால் செடி நன்றாக இருக்கிறது. கட்டடமும் நன்றாக இருக்கிறது. ஆளைத்தான் தேட வேண்டியிருக்கிறது!

ஜப்பானில் ஒருவர் இதற்கு நேர்மாறாகச் செய்தார். பூ இல்லை, கட்டடம் இல்லை, ஒரு மரம்கூட இல்லை. மேலே வானம், கீழே மணல், நடுவே மனைவியும் மக்களும். அவ்வளவுதான்!

அந்தப் படங்கள் அவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தன. அவர் பெயர் ஷோஜி உவேடா.

19 வயதில் ஸ்டூடியோ

ஜப்பானின் மேற்குப் பகுதியில், கடலோரமாக இருப்பது தொட்டோரி மாவட்டம். மணல்மேடுகளுக்குப் பெயர் போன இடம். கடலை ஒட்டிச் சுமார் 16 கிலோ மீட்டர் நீளத்துக்கு அந்த மேடுகள் பரந்து கிடக்கின்றன.

அந்த மாவட்டத்துத் துறைமுக ஊர் ஒன்றில் 1913-ம் ஆண்டு உவேடா பிறந்தார். தகப்பனாருக்கு மர மிதியடித் தொழில். மகனுக்கோ காமிராவில் மோகம்! டோக்கியோ சென்று சில மாதங்கள் போட்டோத் தொழில் பயின்றார். 1932-ல் ஊர் திரும்பி, சொந்தமாக ஸ்டூடியோ திறந்தார். அப்போது அவருக்கு வயது 19.

1935-ல் நோரியே என்ற பெண்ணை மணந்தார். மூன்று ஆண் பிள்ளைகளும் ஒரு பெண் குழந்தையும் பிறந்தார்கள். கணவர் காமிராவைத் தூக்கிக்கொண்டு மணலைத் தேடிப் போய்விடுவார். ஸ்டூடியோவைக் கவனித்துக்கொண்டவர் நோரியே. கணவர் கூப்பிட்டால் மணலில் வந்து நிற்பவரும் அவர்தான்!

ஆளுக்கு ஒரு வேலை

1949-ல் எடுத்த படம் ஒன்று மிகப் பிரசித்தம். "அப்பா, அம்மா, குழந்தைகள்" என்பது அதன் பெயர்.

குடும்பம் முழுவதும் மணலில் நிற்கிறது. ஆனால் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை. இடைவெளி விட்டுத் தனித்தனியாக நிற்கிறார்கள். சிறுமியின் கையில் பூ. ஒரு பையனிடம் சைக்கிள். கடைக்குட்டி, தகப்பனாரின் தோள் மீது. அம்மா கிமோனோ உடையில்.

ஆளுக்கு ஒரு வேலை இருப்பதால், காமிராவைக் கண்டு விறைத்து நிற்க யாருக்கும் நேரமில்லை! பின்னால் கண்ணை இழுக்கும் பொருள் எதுவும் இல்லாததால், ஒவ்வொருவருடைய உருவமும் வெள்ளைத் தாளில் எழுதிய எழுத்துப் போலப் பளிச்சென்று தெரிகிறது.

மணலில் இன்னொரு வசதியும் உண்டு. உச்சி வெயிலில் படம் எடுத்தால் கண்ணுக்குக் கீழும் மோவாய்க்குக் கீழும் கருநிழல் விழும். வெளிர்நிற மணல் வெளிச்சத்தைத் திருப்பி மேலே அனுப்புவதால் அந்தக் கருமை குறைகிறது. இயற்கையே கட்டிக்கொடுத்த ஸ்டூடியோ!

திசை மாறிய காற்று

ஆனால் காலம் அவருக்குச் சாதகமாக இல்லை. 1950-களில் கென் டோமொன் என்ற பெரிய புகைப்படக்காரர் புதிய கொள்கை ஒன்றை முழங்கினார். ஆளை நிறுத்தி ஜோடித்து எடுப்பது கூடாது, உள்ளதை உள்ளபடியே எடுக்க வேண்டும் என்றார். ஜப்பான் முழுவதும் அந்தக் காற்று வீசியது. உவேடாவின் மணல் படங்களுக்கு மவுசு குறைந்தது.

அவர் அதற்காக ஊரை விட்டுத் தலைநகருக்கு ஓடவில்லை. சுற்றுவட்டாரத்துக் குழந்தைகளைப் படமெடுத்தார். 1971-ல் அவை புத்தகமாக வந்தன. அவருடைய பழைய படங்களையும் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உவேடா பாணி" என்ற பெயரே பிறந்தது!

நோரியே இல்லாத மணல்

1983-ல் நோரியே காலமானார். 48 ஆண்டு இல்லறம் முடிந்தது. உவேடாவுக்கு வயது 70. காமிராவைத் தொடவே மனம் வரவில்லை.

அவரை மீட்டவர் இரண்டாவது மகன். மணலில் நின்ற பிள்ளைகளில் ஒருவர். விளம்பரப் படங்களை வடிவமைக்கும் தொழிலில் இருந்தார். நாகரிக உடைகளுக்கான படங்களை எடுத்துத் தரும்படி தகப்பனாரை அழைத்தார். இடம்? அதே தொட்டோரி மணல்!

கிழவர் மீண்டும் மணலில் கால் வைத்தார். புத்தம் புது உடைகளில் இளைஞர்கள் நின்றார்கள். அவர்களைச் சுற்றி அதே வானம், அதே வெளி. அந்தப் படங்களும் புகழ் பெற்றன. தகப்பனார் மகனை நிறுத்தி எடுத்த மணலிலே, மகன் தகப்பனாரை நிமிர்த்தி நிறுத்தினார்!

1995-ல் அவருடைய படங்களுக்கென்றே தொட்டோரி மாவட்டத்தில் ஒரு காட்சிசாலை திறக்கப்பட்டது. 2000-ம் ஆண்டு, 87-வது வயதில் உவேடா மறைந்தார்.

இன்று எல்லார் கையிலும் காமிரா இருக்கிறது. செல்போனே காமிரா! உவேடா காட்டிய வழிக்குச் செலவும் இல்லை. வெறுமையான ஓர் இடம் போதும். வயல் வரப்பானாலும் சரி, மொட்டை மாடியானாலும் சரி. நாலடி பின்னே நகர்ந்து, ஆளைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட வேண்டும். கையில் அவருக்குப் பழக்கமான பொருள் ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

பூச்செடி அடுத்த ஆண்டும் பூக்கும். படத்தில் நிற்கும் முகத்துக்குத்தான் அந்த வயது மறுபடி வராது.