ஏரிக்கு அடியில் ஒரு ஊர்! டார்ச் அடித்தால் சிங்கம் தெரியுது!

சீனாவில் ஒரு ஏரிக்குள் முழு நகரமே மூழ்கிக் கிடக்கிறது!

செஜியாங் மாகாணத்தில் உள்ளது சியன்டாவ் ஏரி. 1959-ல் மின்சாரத்துக்காக சின்ஆன் ஆற்றில் அணை கட்டினார்கள். தண்ணீர் ஏறியது. மலை உச்சிகள் தீவுகளாயின. "சிங்க நகரம்" என்ற ஷிச்செங் அடியோடு முழுகியது. அணைக்காக சுமார் 2 லட்சத்து 90 ஆயிரம் பேர் மூட்டை முடிச்சோடு வெளியேறினார்கள்.

போன ஊர் போனதுதான் என்று இருந்தார்கள். 2001-ல் முக்குளித்துப் பார்த்தவர்கள் அசந்து போனார்கள்! கல் வாசல், சிங்கச் சிற்பம், மர உத்தரம் எல்லாம் அப்படியே இருந்தன. வெயில், காற்று, மழை படாததால் கெடவில்லை.

இறங்குவது லேசுப்பட்ட காரியமா? ஆழம் 26 முதல் 40 மீட்டர். கும்மிருட்டு! காலை வேகமாக உதைத்தால் வண்டல் கிளம்பும். பக்கத்தில் வருகிறவரே தெரியமாட்டார். 30 மீட்டர் ஆழத்தில் சிலிண்டர் காற்று 4 மடங்கு வேகமாகத் தீரும்.

பயந்துபோய் சட்டென்று மேலே வந்தாலும் ஆபத்துதான். உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி ஆளையே முடக்கிவிடும். உயிரும் போகலாம். அதனால், நல்ல பயிற்சி உள்ளவர்களுக்குத்தான் இந்த ஏரி.

ஊர் கெடாமல் இருக்கிறது. குடியிருந்தவர்கள்தான் திரும்ப முடியாது!