பக்கத்துக் குதிரையைக் கண்டா பதறுற குதிரை: வித்துடலாமா, இடத்தை மாத்தலாமா?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)

நைனார்பாளையத்துல இருந்து பேசுறேன். இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்திருக்கேன்.

கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுற நேயர் ஒருத்தர் சின்னசேலம் பக்கத்துல இருந்து குரல் பதிவு அனுப்பியிருக்கார். அவர்கிட்ட ஒரு பெட்டைக் குதிரை நாலு வருஷமா தனியா நின்னுச்சு. போன ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில இன்னும் ரெண்டு குதிரை வாங்கிட்டு வந்து, அதே கொட்டகையில வரிசையா கட்டினார். அதுல இருந்து பழைய குதிரை நின்ன இடத்துலயே இடமும் வலமும் ஆடிக்கிட்டே இருக்கு. தகரத்தை உதைக்குது. கொள்ளைப் பாதியில விட்டுடுது. "சுழி சரியில்லப்பா, வித்துடு"ன்னு ஊர்ல சொல்றாங்களாம். வித்துடலாமான்னு கேக்கறார்.

விக்கிறதுக்கு முன்னாடி இடத்தை மாத்திப் பாருங்கன்னுதான் நான் சொல்லுவேன். ஏன்னு விளக்கறேன்.

குதிரை கூட்டமா வாழ்ற பிராணி. அதுக்குத் துணை வேணும். 2002-ல இங்கிலாந்துல லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லாயத்துல ஓயாம ஆடிக்கிட்டிருந்த குதிரைகளுக்கு முன்னாடி கண்ணாடி மாட்டிப் பார்த்தாங்க. ஆட்டம் நல்லாவே குறைஞ்சது. தன் பிம்பத்தைத் துணைன்னு எடுத்துக்கிட்டிருக்கலாம். அதனால, "இது மத்ததோட ஒத்துப்போகாது, தனியா ஒதுக்குப்புறமா கட்டு"ங்கறது முழுத் தீர்வு இல்ல. ஒரு கஷ்டம் போய் இன்னொரு கஷ்டம் வரும்.

அப்போ பக்கத்துல துணை வந்தும் ஏன் பதறுது? வெட்டவெளியில ஒரு குதிரை காதைப் பின்னால மடிச்சா, இன்னொண்ணு பத்தடி தள்ளிப் போயிடும். சண்டை அதோட முடிஞ்சது. கொட்டகையில குட்டைக் கயித்துல கட்டியிருக்கும்போது அந்தப் பத்தடி கிடையாது. மிரட்டுறவன் மூஞ்சிக்கு நேரா ராப்பகலா நிக்கணும். குதிரை பயப்படறது பக்கத்துக் குதிரைக்கு மட்டும் இல்ல, விலகிப் போக வழி இல்லையேங்கறதுக்கும்தான்.

முதல்ல வலி இருக்கான்னு பாருங்க

வயித்துப்புண், பல் கூர்மையாகி உள்கன்னத்தைக் குத்துறது, கால் வலி, இதெல்லாம் குதிரையைச் சிடுசிடுன்னு ஆக்கும். பெட்டைக் குதிரை பருவத்துக்கு வர்ற நாள்லயும் குணம் மாறும். அந்தச் சுற்று சுமார் 21 நாள். பக்கத்துல விரை நீக்காத ஆண் குதிரை நின்னா பதட்டம் இன்னும் கூடும்.

நாடி பாக்கக் கத்துக்குங்க. கீழ்த்தாடை எலும்போட உள் ஓரத்துல விரலை வெச்சா துடிப்பு தெரியும். 15 விநாடி எண்ணி நாலால பெருக்குங்க. ஓய்வா நிக்கிற வளர்ந்த குதிரைக்கு நிமிஷத்துக்கு 28-லிருந்து 44 வரைக்கும் இருக்கும். மத்த குதிரைங்க பக்கத்துல இருக்கும்போது ஒருவாட்டி, இல்லாதப்போ ஒருவாட்டி எண்ணி எழுதி வைங்க.

இன்னொண்ணு, காலையில விலாவுல வைக்கோலோ சாணிக்கறையோ ஒட்டியிருக்கான்னு பாருங்க. குதிரை நின்னுக்கிட்டே தூங்கும்னு சொல்வாங்க, அது பாதிதான் சரி. ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது படுத்தே ஆகணும். பயந்த குதிரை படுக்காது. நாள் கணக்கா படுக்காம இருந்தா, நிக்கும்போதே முட்டி மடங்கி விழுந்துடும்.

அப்புறம் இடத்தை மாத்துங்க

ஒண்ணு, பதறுற குதிரையை நடுவுல கட்டாதீங்க. ஓரத்துக்கு மாத்துங்க. பக்கத்துல, ரெண்டு புதுக் குதிரையில எது சாதுவோ அதை நிறுத்துங்க.

ரெண்டு, தீனித் தொட்டி இருக்கிற பக்கம் பலகையோ தார்ப்பாயோ வெச்சு முழுசா மறைங்க. சண்டை அதிகம் வர்றது தீனி நேரத்துலதான். ஆனா பின்பக்கம் ஒருத்தரை ஒருத்தர் பாக்க இடம் விடுங்க. சாப்பிடும்போது மறைவு, மத்த நேரம் துணை.

மூணு, முடிஞ்சா கயித்தை அவிழ்த்து 12-க்கு 12 அடி தடுப்புல விடுங்க. காலுக்குத் தளை போட்டிருந்தா எடுத்துடுங்க. திரும்பவும் ஒதுங்கவும் முடிஞ்சாலே பாதி பதட்டம் இறங்கும்.

நாலு, கொள்ளை விட நார்த்தீனி முக்கியம். குதிரை வயித்துல அமிலம் நாள் முழுக்கச் சுரக்கும். அதைத் தணிக்கிற உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். தீனி இல்லாம பல மணி நேரம் நின்னா வயித்துப்புண் வரும், பதட்டம் அதைச் சீக்கிரமாக்கும். 300 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது நாலரை கிலோ காய்ஞ்ச தீனி வேணும். காய்ஞ்ச புல், பூஞ்சை பிடிக்காத கடலைக்கொடி நல்லது. நம்ம பக்கம் மாட்டுக்குப் போடற பச்சைச் சோளத்தட்டைக் குதிரைக்குப் போடாதீங்க. மூத்திரப்பையும் பின்னங்காலும் பாதிக்கும்.

அஞ்சு, கொட்டகைக்கு வெளியில பழக்குங்க. ஒரு சாதுக் குதிரையோட, நடுவுல வேலி வெச்சு, தினமும் கொஞ்ச நேரம். காது தளர்ந்து ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல மேய ஆரம்பிச்சா, அடுத்த படிக்குப் போகலாம்.

அடிக்கறது, தலையைக் குட்டையா இழுத்துக் கட்டறது, ஆடவிடாம தடுக்கறது, இதெல்லாம் வேண்டாம். ஆடறது அதோட ஆறுதல். காரணத்தை விட்டுட்டு ஆறுதலைப் பிடுங்கினா பதட்டம் உள்ளுக்குள்ள ஏறும். அதே நேரம், பல மாசமா ஆடிப் பழகின குதிரை, இடம் மாறினாலும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அது தோல்வி இல்ல. சாப்பிடுதா, படுக்குதா, நாடி இறங்குதா, இந்த மூணையும் பாருங்க.

ஒரு எச்சரிக்கை. தீனியைத் தொடாம வயித்தைத் திரும்பித் திரும்பிப் பாத்தா, தரையில புரண்டா, சாணி போடலைன்னா, அது பதட்டம் இல்ல, சூலை வலி. குதிரையால வாந்தி எடுக்க முடியாது. நேரம் போகப் போக உயிருக்கே ஆபத்து. காத்திருக்காம 1962-க்குக் கூப்பிடுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது. நம்ம பக்கத்துக்காரங்களுக்குத் தலைவாசல்ல கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கு.

ஆறு வாரம் இப்படிச் செய்ங்க. பக்கத்துக் குதிரையை மாத்தியும் பாருங்க. சில ஜோடி ஒத்தே போகாது, மனுஷங்க மாதிரிதான். அப்பவும் முடியலைன்னா, ஒண்ணு ரெண்டு குதிரை மட்டும் இருக்கிற, வெளியில அவிழ்த்து விடற வீடாப் பார்த்துக் குடுங்க. வாங்கறவர்கிட்ட நடந்ததை மறைக்காம சொல்லிடுங்க. சுழிமேல பழி போட்டு வித்தா, அது அடுத்த கொட்டகையிலயும் இதே மாதிரிதான் நிக்கும்.

கேட்ட நேயரே, நாடி எண்ணிக்கையை எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் லாடம் பத்திப் பேசலாம்.