கம்பளி சூடு தருமா?

மே மாதத்தில் மலைக்கோட்டைப் படியில் வெறுங்கால் வைக்க முடியாத ஊரில் இருந்துகொண்டு, கடுங்குளிரைப் பற்றி எழுதுகிறானே என்று நண்பர்கள் நகைக்கக் கூடும். காரணம் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமெண்டில் பணிபுரியும் என் பெரியப்பா மகன் சியாச்சினில் சில மாதம் காவல் இருந்துவிட்டு, சென்ற தை மாதம் விடுப்பில் வந்திருந்தார். "அங்கே எதற்கு அதிகம் பயந்தீர்கள் அண்ணே?" என்று கேட்டேன். "வேர்வைக்குத்தான் தம்பி" என்றார்.

1984 ஏப்ரல் 13 முதல் நம் படையினர் நிற்கும் பனிமலை அது. குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி வரை இறங்கும். 2016 பிப்ரவரி 3 அன்று, சுமார் 19,600 அடி உயரத்தில் பனிச்சரிவில் புதைந்த முகாம் 19ஆவது மெட்ராஸ் படையணியினுடையது. மாண்ட பத்து வீரர்களுள் நால்வர் தமிழகத்தவர். அப்படிப்பட்ட இடத்தில் வேர்வைக்கு அஞ்சுவானேன்? இக்கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இக்கட்டுரை பிறந்தது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். கம்பளி சூடு தரும் என்கிறோம். கம்பளி சூடு தருவதில்லை. தருமானால், பனிக்கட்டியைக் கம்பளியில் சுற்றினால் அது விரைவில் உருக வேண்டுமல்லவா? மாறாக, நெடுநேரம் உருகாமல் இருக்கிறது. சூட்டைத் தருவது நம் உடல். துணி அதை வெளியே போகாமல் தடுக்கிறது, அவ்வளவே.

தடுப்பது எது? நார் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். உண்மையில் நாரின் பொருள், காற்றைக் காட்டிலும் பல மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது. அசையாத காற்றின் வெப்பம் கடத்துதிறன் ஏறத்தாழ 0.025 அலகு மட்டுமே. ஆனால் காற்று சும்மா இருக்காதே! சூடானால் மேலேறும், குளிர்ந்தது அந்த இடத்துக்கு வரும். அந்தச் சலனத்தை நிறுத்துவதுதான் நாரின் வேலை. நெருக்கமான மெல்லிய நார்களின் நடுவே காற்று சிறைப்பட்டு நிற்கிறது. உடலிலிருந்து கதிர்வீச்சாகப் போகும் வெப்பத்தையும் நார்கள் ஓரளவு மறிக்கின்றன.

இதை நான் வகுப்பில் கற்கும் முன்பே என் தந்தையார் அறிந்திருந்தார். அவர் பள்ளிக்கூடம் பார்த்தவரல்லர். திருச்சியில் மெத்தை தைக்கும் தொழிலாளி. பழைய மெத்தையைப் பிரித்து, கட்டிபட்ட இலவம் பஞ்சை வெயிலில் உலர்த்தி, பிரம்பால் அடித்து உப்ப வைப்பார். அதே பஞ்சு, அதே எடை. மெத்தை மட்டும் இருமடங்கு உயர்ந்து நிற்கும். "பஞ்சுக்கு மூச்சு வந்துவிட்டது" என்பார். இலவம் பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே வெற்றிடமுள்ள குழாய். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு காற்றுதான்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஒரே அளவான மூன்று செம்புகளில் வெந்நீர் ஊற்றி, ஒன்றுக்கு அடித்த பஞ்சு, இன்னொன்றுக்கு அதே எடைப் பஞ்சை இறுக்கிக் கட்டியது, மூன்றாவதற்கு நனைத்த பஞ்சு சுற்றினேன். (அம்மாவிடம் வசவும் வாங்கினேன்.) நனைந்தது முதலில் ஆறியது, அடுத்து இறுக்கிக் கட்டியது. அடித்த பஞ்சினுள் இருந்த நீர் வெகுநேரம் கழித்தும் கை பொறுக்காத சூட்டில் இருந்தது.

அண்ணன் சொன்னதன் பொருள் இப்போது விளங்குகிறது. காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்தால், நீர் காற்றைப்போல் சுமார் 24 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். போதாததற்கு, ஒரு கிராம் வேர்வை ஆவியாக 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து பறிக்கும். சுமை தூக்கி ஏறும்போது வேர்த்துவிட்டு, நின்றவுடன் ஈர உடுப்போடு விறைத்துப் போவதே அங்குள்ள ஆபத்து. கம்பளி, தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கியும் கையில் ஈரமாகத் தோன்றாது, பருத்தி அப்படியன்று.

ஆகவே ஒரே கனத்த உடுப்பைவிடப் பல அடுக்குகளே நல்லவை. ஏறும்போது ஒன்றைக் கழற்றலாம், நிற்கும்போது மாட்டலாம். அடுக்குகளுக்கு இடையிலும் காற்று நிற்கும். நம் நாட்டுப் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் இந்திய நிறுவனங்கள் ஐந்துக்கு 2021 டிசம்பரில் வழங்கிய கடுங்குளிர் உடுப்பின் தொழில்நுட்பமும் மூன்றடுக்குத்தான். ஸ்ரீரங்கத்தில் கார்த்திகை மாதக் கைசிக ஏகாதசி இரவில் நம்பெருமாளுக்கு 365 பச்சடைகள் சாத்துவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். குளிருக்காக என்று பாட்டி சொல்வார். இயற்பியல் மாணவனுக்கு இப்போது அந்த அடுக்குகளே நினைவுக்கு வருகின்றன.

1922இல் எவரெஸ்டில் ஏறப்போன ஜார்ஜ் ஃபிஞ்ச் என்ற வேதியியலார், பலூன் துணியில் வாத்துத் தூவி அடைத்துத் தைத்த மேலங்கியை அணிந்தார். கூட வந்தவர்கள் கேலி செய்தனராம். குளிர் வந்தபின் கேலி நின்றது. பின்னாளில் அவரே புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தார் என்பது நமக்கு உவப்பான செய்தி.

அண்ணன் கொண்டு வந்த தூவி அங்கியைத் தந்தையார் வாங்கி, விரலால் அழுத்திப் பார்த்தார். மெத்தையைப் போலவே கட்டம் கட்டமாகத் தைத்திருந்தது. தூவி ஒரு பக்கமாய்ச் சரியாமலிருக்க அப்படித் தைக்கிறார்கள் என்று நான் விளக்கத் தொடங்கினேன். "அது தெரியும்டா. தையல் ஓடுகிற இடத்தில் கனமே இல்லையே, அந்தக் கோட்டு வழியாகக் குளிர் ஏறாதா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. பின்பு நூலகத்தில் தேடிப் படித்தேன். மிகக் கடுங்குளிருக்கான அங்கிகளில் மேல்துணியையும் உள்துணியையும் ஒட்டித் தைப்பதில்லை; இரண்டுக்கும் நடுவே சிறு துணிச் சுவர் வைத்துப் பெட்டி பெட்டியாக அமைக்கிறார்கள். அன்று இரவே அவரிடம் சொன்னேன். "அப்படித்தான் இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.