காற்றின் ஈரமும் கார் இருக்கையும்

சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டு. அத்தனை விலை கொடுத்து வாங்கிய காரின் இருக்கை பாதி வழியிலேயே செதில் செதிலாக உரிந்தால் யாருக்கும் வயிறு எரியும். பழி வெயில்மேல் விழுகிறது. ஆனால் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்வது காற்றின் ஈரம். இங்கே ஈரப்பதத்தின் ஆண்டுச் சராசரியே 80 சதவீதத்துக்கு மேல்.

அப்படி உரிவது பெரும்பாலும் அசல் தோல் அல்ல, ‘பியூ லெதர்’. துணிமேல் ஒட்டிய பாலியூரித்தேன் படலம் அது. மலிவான ரகங்களில் அதன் நீண்ட மூலக்கூறுகளைக் கோத்திருப்பவை எஸ்டர் பிணைப்புகள். நீர் மூலக்கூறு உள்ளே புகுந்து அவற்றை அறுக்கிறது. அறுந்த இடத்தில் அமிலம் உண்டாகிறது. அது அடுத்த பிணைப்பு அறுவதையும் விரைவாக்குகிறது. யாரும் உட்காராத இருக்கைகூட உரிவது இதனால்தான்.

அசல் தோலின் கதை வேறு. மாட்டுத்தோலின் பலம் கொலாஜன் என்னும் புரதத்தில் இருக்கிறது. மூன்று இழைகள் சடைபோல முறுக்கிக்கொண்ட அதன் வடிவத்தை, 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து உலகுக்குச் சொன்னவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். பதனிடாத தோல் 65 டிகிரி வெந்நீரில் சுருங்கிவிடும். ஆவாரம்பட்டையில் ஊறவைத்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். குரோமிய உப்பு இழைகளுக்கிடையே பாலம் போட்டுவிட்டால் கொதிநீருக்கும் அசையாது. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் அன்றாடம் நடக்கும் இந்த ரசவாதம் எனக்கு இன்றும் வியப்புதான்.

பிள்ளைகள் ஏறி இறங்கும் காருக்கு, மேலே நிறமிப் பூச்சு உள்ள தோலே சரி. பூச்சில்லாத ‘அனிலின்’ தோல் தொட்டால் பட்டுப்போல இருக்கும், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீரை அப்படியே குடித்துக் கருத்துவிடும். மாதிரித் துண்டில் சொட்டு விட்டுப் பார்த்தாலே தெரியும். ‘லெதர் சீட்’ என்று விற்பவரிடம் எந்தெந்தப் பகுதி தோல் என்றும் கேளுங்கள். பல கார்களில் உட்காரும் இடம் மட்டுமே தோல், பக்கங்களும் முதுகுப்புறமும் பிவிசி பிளாஸ்டிக். அதில் தவறில்லை. கையில் பணம் குறைவென்றால் மலிவான பியூவைவிட நல்ல பிவிசியையே நான் சொல்வேன். ஈரம் அதை அப்படி அறுக்காது. பல்லாண்டு வெயிலில் இறுகி வெடிப்பதுதான் அதன் குறை.

நம் வீட்டுக் கார்களில் தலைசாய்ப்பானைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தேங்காய் எண்ணெயும் வியர்வையும் நாளடைவில் பூச்சை இளக்கிவிடும். மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அவ்வப்போது துடைத்து, உடனே உலர்த்திவிடுங்கள்.