தோற்றவரே திரும்பி வரும் ஆட்டம்

புதுடெல்லி: ஒரு மசோதா அறிமுகமாகி, நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் கடந்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற மாதங்கள் ஆவது வழக்கம்; ஆண்டுகள் ஆனதும் உண்டு. 2025 ஆகஸ்ட்டில் அது மூன்றே நாள்களில் நடந்தேறியது. 20-ஆம் தேதி மக்களவையில் அறிமுகமான ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறை மசோதா, எதிர்க்கட்சிகளின் அமளிக்கிடையே அன்றே நிறைவேறியது. 21-ஆம் தேதி மாநிலங்களவை இசைவளித்தது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். பணம் கட்டி, பணம் வெல்லலாம் என்ற எதிர்பார்ப்போடு ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்யும் மத்திய சட்டம் இவ்வாறு பிறந்தது.

இத்தகைய விளையாட்டை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது ரூ. 1 கோடி வரை அபராதம் அல்லது இரண்டும். விளம்பரம் செய்வோருக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது ரூ. 50 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். பணப் பரிமாற்றத்துக்கு வழிசெய்யும் நிறுவனங்களும் தப்ப முடியாது. ஆனால், ஆடியவருக்குத் தண்டனை இல்லை. அவர் குற்றவாளி அல்லர், பாதிக்கப்பட்டவர் என்பதே சட்டத்தின் பார்வை.

இந்தப் பார்வை சரியானது. எனினும், பாதிக்கப்பட்டவர் என்று ஒருவரை ஏற்றுக்கொண்ட பிறகு அவருக்கு அரசு என்ன செய்யப் போகிறது என்ற கேள்வி எழுகிறது. அந்த மூன்று நாள்களில் இரு அவைகளிலும் அதை விவாதிக்க நேரம் இருக்கவில்லை.

சராசரி மறைக்கும் உண்மை

இந்த விளையாட்டுகளால் சுமார் 45 கோடிப் பேர் பாதிக்கப்படுவதாகவும், ஆண்டுக்கு ரூ. 20 ஆயிரம் கோடிக்கு மேல் இழப்பதாகவும் மத்திய அரசு மதிப்பிட்டது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 450 வருகிறது. குடும்பத்தோடு ஒரு முறை திரைப்படம் பார்க்கும் செலவுகூட இல்லை. இதற்காகவா ஒரு சட்டம் என்று கேட்கத் தோன்றும்.

சராசரிக் கணக்கு ஏமாற்றும் இடம் இதுதான். சூதாட்டத் தொழிலின் வருவாய் எல்லா வாடிக்கையாளரிடமிருந்தும் சமமாக வருவதில்லை என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. பெரும்பாலோர் சிறு தொகையோடு விலகிவிடுகின்றனர். மிகச் சிலர் மட்டும் விலக முடியாமல் சிக்கிக்கொள்கின்றனர். நிறுவனத்தின் லாபத்தில் பெரும்பங்கு அந்தச் சிலரிடமிருந்தே வருகிறது. சம்பளம், சேமிப்பு, மனைவியின் நகை, நண்பர்களிடம் வாங்கிய கைமாற்று, கடன் செயலியில் எடுத்த பணம் என்று ஒவ்வொன்றாக இழப்பவர்கள் அவர்களே. மற்ற வணிகங்களில் நஷ்டப்பட்ட வாடிக்கையாளர் மறுமுறை அந்தக் கடைப்படி ஏறமாட்டார். இங்கே அதிகம் இழந்தவரே அதிகம் திரும்பி வருகிறார்.

தூண்டிலின் அமைப்பு

இதைப் பேராசை என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட முடியாது. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் கடந்த நூற்றாண்டில் புறாக்களையும் எலிகளையும் வைத்துச் செய்த சோதனைகள் ஓர் உண்மையைக் காட்டின. விசையைத் தொடும் ஒவ்வொரு முறையும் இரை கிடைத்தால், இரை நின்ற சில நேரத்தில் பறவையும் நிறுத்திவிடுகிறது. எப்போது கிடைக்கும் என்று கணிக்க இயலாதபடி இடையிடையே கிடைத்தால், அது சலிக்காமல் கொத்திக்கொண்டே இருக்கிறது. நிச்சயமற்ற பரிசே நிலையான பழக்கத்தை உண்டாக்குகிறது.

சூதாட்டச் செயலி இந்த விதியின் மீது கட்டப்பட்டது. முதலில் 'வரவேற்புத் தொகை' என்ற பெயரில் சிறு பணம் இலவசமாகத் தரப்படுகிறது. தொடக்கத்தில் கிடைக்கும் ஓரிரு வெற்றிகள் நினைவில் ஆழப் பதிகின்றன. ஒரு சீட்டில், ஓர் ஓட்டத்தில் கைநழுவிய தோல்வியை மூளை தோல்வியாகவே கணக்கில் எடுப்பதில்லை. 'அடுத்த முறை கிடைத்துவிடும்' என்பதற்கான அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறது. பிறகு, விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற துரத்தல் தொடங்குகிறது. இந்தக் கட்டத்தை அடைந்தவர் பணம் சம்பாதிக்க ஆடுவதில்லை. இழந்ததை இல்லாததாக்க ஆடுகிறார்.

பெருந்தொகை இழப்பவரை 'விஐபி' என்று அழைத்து, தனிச் சலுகைகளும் தனி உதவியாளரும் தந்து பெருமைப்படுத்துவது உலகெங்கும் இத்தொழிலின் வழக்கம். வீட்டில் தலைகுனிந்து நிற்பவருக்கு அங்கே மட்டும் மரியாதை கிடைக்கிறது. தன்னை அழிக்கும் இடத்திலேயே அவர் ஆறுதலைத் தேடுகிறார். தானே மனமுவந்து கட்டிய பணம் என்பதால் புகார் செய்யவும் கூசுகிறார். திருடனிடம் பறிகொடுத்தவர் காவல் நிலையத்துக்குப் போவார். இவர் எங்கே போவார்?

முன்பு சீட்டாட ஒரு மன்றத்தைத் தேடிப் போக வேண்டும். கையில் ரொக்கம் வேண்டும். விடிந்தால் வீடு திரும்ப வேண்டும். இவை மூன்றுமே தடைகளாக நின்றன. திறன்பேசியும், 2016-இல் அறிமுகமான யுபிஐ பணப் பரிமாற்றமும் அந்தத் தடைகளைத் தகர்த்தன. நள்ளிரவில், போர்வைக்குள், அருகில் படுத்திருப்பவர் அறியாமல் ஒரு மாதச் சம்பளத்தை இழக்க இன்று சில நிமிடங்கள் போதும்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட தன் நோய் வகைப்பாட்டில், சூதாட்டக் கோளாறை மது, போதைப் பொருள்களின் அடிமைத்தனத்தோடு ஒரே பிரிவில் சேர்த்தது. உடலுக்குள் எந்தப் பொருளும் செல்லாமலே ஒருவர் அடிமையாகலாம் என்பதை மருத்துவ உலகம் முறைப்படி ஒப்புக்கொண்ட தருணம் அது.

திறமையா, அதிர்ஷ்டமா?

இந்திய நீதிமன்றங்களில் நடந்த வாதமோ வேறு. வெள்ளையர் ஆட்சியில் வந்த 1867-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம், வெறும் திறமையால் ஆடும் ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று 1968-இல் ஆந்திரப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது. செகந்திராபாதில் ஒரு மன்றத்தில் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடியவர்கள் பற்றிய வழக்கு அது. ஆட்டத்தின் மூலம் மன்ற உரிமையாளர் லாபம் ஈட்டினால் அது குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு குறிப்பிட்டது. பின்னாளில் இணைய நிறுவனங்கள் முதல் பகுதியை உரக்கப் படித்தன. இரண்டாம் பகுதியை மறந்தன.

தமிழகத்தின் அனுபவம் இதற்குச் சான்று. ஆன்லைன் சூதாட்டத்தில் பணம் இழந்தோரின் தற்கொலைகளைச் சுட்டிக்காட்டி மாநில அரசு 2021-இல் கொண்டுவந்த தடையை, அதே ஆண்டு ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பின்னர் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் பரிந்துரையைப் பெற்று, 2022 அக்டோபரில் சட்டப்பேரவை புதிய மசோதாவை நிறைவேற்றியது. இத்தகைய சட்டம் இயற்ற மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று கூறி 2023 மார்ச்சில் ஆளுநர் ஆர்.என். ரவி அதைத் திருப்பி அனுப்பினார். பேரவை மீண்டும் நிறைவேற்றிய பிறகு ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. பந்தயமும் சூதாட்டமும் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 34-ஆம் இனமாக இருப்பது நினைவுகூரத்தக்கது. அந்தச் சட்டமும் 2023 நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் பாதி வலுவை இழந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்பதால் தடை அவற்றைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பு வந்தது.

திறமையா, அதிர்ஷ்டமா என்ற வினாவைச் சுற்றி இவ்வளவு காலம் கழிந்தது. ஆட்டம் எத்தகையது என்று கேட்டவர்கள், அது ஆடுபவரை என்ன செய்கிறது என்று கேட்கத் தவறினர். 2025 சட்டம் இந்த வேறுபாட்டைக் கைவிட்டு, பணம் கட்டும் எல்லா ஆட்டங்களையும் ஒன்றாகப் பார்த்தது. பல உயர் நீதிமன்றங்களில் அதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்குகளை அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

வரி வாங்கிய கை

மத்திய அரசின் நிலைப்பாடு மாறிய வேகமும் கவனிக்கத்தக்கது. 2023 ஏப்ரலில் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள், தொழில்துறையின் சுய ஒழுங்குமுறை அமைப்புகளே எந்தப் பண விளையாட்டு அனுமதிக்கத்தக்கது என்று சான்றளிக்க வழிசெய்தன. அதே மாதம் முதல், நிகர வெற்றித்தொகையில் 30 சதவீதம் வருமான வரியாகப் பிடிக்கப்பட்டது. அக்டோபர் முதல், கட்டும் பந்தயத்தின் முழு மதிப்பில் 28 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. சட்டம் இயற்ற மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்ற வாதமும், ஆட்டத்தின் மீது மத்திய வரியும் ஒரே ஆண்டில் வந்தன.

விளம்பர உலகமும் பின்தங்கவில்லை. ட்ரீம்11 நிறுவனம் 2020-இல் ஐபிஎல் போட்டியின் தலைமைப் புரவலராக இருந்தது. 2023 முதல் இந்திய அணியின் சட்டையில் அதன் பெயர் இடம்பெற்றது. சட்டம் வந்த சில நாள்களில் அந்தப் பெயர் நீங்கியது. தேசிய அணியின் மார்பில் இரண்டு ஆண்டுகள் பார்த்த பெயரைத் தவறானது என்று ஓர் இளைஞன் எப்படி நினைத்திருப்பான்?

கடை மூடினால் பசி அடங்குமா?

உள்நாட்டு நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தியதால் பலர் காப்பாற்றப்பட்டிருப்பர் என்பதில் ஐயமில்லை. புதிதாக ஒருவர் சிக்குவது கடினமாகிறது. ஆனால், ஏற்கெனவே சிக்கியவருக்குக் கதவு வேறு பக்கம் திறந்திருக்கிறது. துபாயிலிருந்து இயக்கப்பட்டதாக அமலாக்கத் துறை குற்றஞ்சாட்டிய மகாதேவ் உள்ளிட்ட 22 செயலிகளையும் தளங்களையும் 2023 நவம்பரில் மத்திய அரசு முடக்கியது. ஒரு முகவரியை முடக்கினால் எழுத்து மாற்றி மற்றொன்று முளைப்பதே இணையத்தின் இயல்பு.

சட்டத்துக்கு உட்பட்ட வழியும் உண்டு. பங்குச் சந்தையின் முன்பேர வணிகம் சூதாட்டம் அன்று, முறைப்படி ஒழுங்குபடுத்தப்பட்டது. இருந்தும், 'செபி' 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு அச்சமூட்டுகிறது. முந்தைய மூன்று நிதியாண்டுகளில் இதில் ஈடுபட்ட 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் பணம் இழந்தனர். மொத்த இழப்பு ரூ. 1.8 லட்சம் கோடியைத் தாண்டியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் இழந்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானோர் விலகாமல் தொடர்ந்தனர். கட்டுப்பாடுகள் இறுகிய பிறகும், 2024-25 நிதியாண்டில் 91 சதவீதத்தினர் நஷ்டத்தையே கண்டனர். இழந்தவர் திரும்பி வரும் அதே காட்சி. இடம் மட்டுமே வேறு.

எனவே, தடை முதல் படியே தவிர முழுத் தீர்வு ஆகாது. 2025 சட்டத்தின் பிரிவுகள் தண்டனையை விரிவாகப் பேசுகின்றன; அடிமைப்பட்டவரின் சிகிச்சைக்கென்று தனி நிதியை அவை ஒதுக்கவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014-இல் இணைய அடிமைத்தனத்துக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் மனநல ஆலோசனை தருகிறது. தமிழிலும் பேசலாம். ஆனால், தன் நிலையை நோய் என்றே அறியாதவர் எந்த எண்ணையும் அழைக்கப்போவதில்லை. குடிப்பழக்கத்துக்கு மருத்துவம் உண்டு என்பதை ஊர் அறிய ஒரு தலைமுறை ஆயிற்று. சூதுக்கும் மருத்துவம் உண்டு என்பதை மாவட்ட மருத்துவமனை வரை கொண்டுசெல்ல அத்தனை காலம் காத்திருக்க இயலாது. இழந்தவரைப் பழிக்காமல், கணக்கைக் கையில் வாங்கி, கடனைப் பகுத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் குடும்பமே முதல் சிகிச்சை.

இழக்க இழக்கச் சூதின் மீது ஆசை பெருகும் என்பதை வள்ளுவர் ஸ்கின்னருக்கு வெகுகாலம் முன்பே கண்டு சொன்னார். திருக்குறளில் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து. கள்ளுக்கு அருகே சூதை வைத்த அந்த வரிசையை 2025-இல் நாடாளுமன்றம் பின்பற்றியது. அதற்கு அடுத்து நிற்கும் அதிகாரம் இன்னும் மீதமிருக்கிறது.